வேலை செய்யும் உரிமை: நிரூபிக்க வேண்டியது யார்?

பிரிட்டனில் ஒருவரை வேலைக்கு எடுப்பவர், அவர் முதல் நாள் பணிக்கு வருமுன்பே, அந்நாட்டில் வேலை செய்ய அவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அரசு மருத்துவமனையில் சேரும் செவிலியருக்கும் இந்தச் சோதனை உண்டு. மளிகைக் கடையில் இரவு நேரம் நிற்கும் மாணவருக்கும் உண்டு. லண்டனிலும் அதைச் சுற்றியும் கடைகளும் பெட்ரோல் பங்குகளும் நடத்தும் ஈழத்தமிழர்கள் பலர்; அங்கே வேலை கேட்டு வரும் தமிழர்களும் பலர். ஆக, இந்த விவகாரத்தில் நம்மவர்கள் கல்லாவின் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். பாஸ்போர்ட்டையோ விசாவையோ பார், நகல் எடு, தேதி எழுது என்று சில நிமிடங்களில் முடிகிற காரியமாகத்தான் இது தெரியும். பெரும்பாலோருக்கு அப்படியே முடிந்தும்விடுகிறது. முடியாமல் போகிறவர்களின் நிலைதான் இந்தச் சட்டத்தின் அமைப்பைக் காட்டிக்கொடுக்கிறது. உரிமையைக் கொடுப்பது அரசு. அதற்கான சான்றைக் கொடுக்க வேண்டியதும் அரசு. சான்று வந்து சேராவிட்டால் வேலையை இழப்பது மட்டும் விண்ணப்பித்தவர்.

1996-ஆம் ஆண்டின் புகலிட, குடியேற்றச் சட்டத்தில் இது தொடங்கியது. அனுமதியில்லாதவரை வேலைக்கு வைப்பது முதலாளியின் குற்றம் என்று அதன் 8-ஆவது பிரிவு சொன்னது. குற்றவழக்கு என்றால் நீதிமன்றம், சாட்சி, ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் எல்லாம் வேண்டும். அதனால் வழக்குகள் மிகக் குறைவாகவே நடந்தன. 2006-இல் வந்த சட்டம் வேறு வழியைப் பிடித்தது. நீதிமன்றத்துக்குப் போகாமல் உள்துறை அமைச்சகமே நோட்டீஸ் அனுப்பி அபராதம் விதிக்கலாம். 2008 பிப்ரவரியில் இது நடைமுறைக்கு வந்தபோது, ஒரு தொழிலாளிக்கு அதிகபட்சம் 10,000 பவுண்டு. 2014-இல் அது 20,000 ஆனது. 2024 பிப்ரவரி 13 முதல், முதல்முறை பிடிபட்டால் 45,000 வரை, மறுபடியும் பிடிபட்டால் 60,000 வரை. இதில் பலர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று உண்டு. சோதனை செய்யாததே குற்றம் என்று சட்டம் சொல்வதில்லை. உரிமையுள்ள ஒருவரை எந்தத் தாளும் பார்க்காமல் வேலைக்கு வைத்தால் இந்தச் சட்டத்தின்கீழ் அபராதம் கிடையாது. உரிமையில்லாதவர் பிடிபடும்போது, முறைப்படி சோதித்திருந்த முதலாளி மட்டும் அபராதத்திலிருந்து தப்பிக்கலாம், அவ்வளவுதான். அதாவது இது முதலாளி தனக்காக எடுத்துவைக்கும் பாதுகாப்பு. விண்ணப்பதாரரின் உரிமையை நிலைநாட்டுவது இதன் நோக்கத்திலேயே இல்லை.

நடைமுறை ஆளுக்கு ஆள் மாறும். பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்களுக்கு பாஸ்போர்ட் போதும், காலாவதியானது என்றாலும் செல்லும். பாஸ்போர்ட் இல்லாத பிரிட்டிஷ்காரர் பிறப்புச் சான்றிதழையும், தேசியக் காப்பீட்டு எண் அச்சிட்ட அரசுத் தாள் ஒன்றையும் சேர்த்துக் காட்டலாம். அந்த எண்ணை மட்டும் காட்டினால் போதும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், போதாது. பிற நாட்டவர் பெரும்பாலோருக்கு இப்போது கையில் கார்டு கிடையாது, இணையத்தில் இருக்கும் இ-விசாதான். அவர் அரசுத் தளத்தில் நுழைந்து ஒன்பது எழுத்துகளும் எண்களும் கலந்த ஷேர் கோட் ஒன்றை எடுத்துக் கொடுப்பார். அது 90 நாள் செல்லும். முதலாளி அதையும் பிறந்த தேதியையும் இட்டுப் பார்த்தால் படமும் அனுமதி விவரமும் வரும். படத்தில் இருப்பவர்தான் எதிரில் இருப்பவரா என்று பார்ப்பதும், நகலை அவர் வேலையை விட்டபின் இரண்டாண்டு வரை வைத்திருப்பதும் முதலாளியின் பொறுப்பு. பட்டப்படிப்பு மாணவர் என்றால் பாடம் நடக்கும் வாரங்களில் 20 மணி நேரம்தான் என்பதால் கல்லூரியின் பருவ அட்டவணையும் வேண்டும். புகலிடம் கேட்டுக் காத்திருப்பவர்களின் பாடு தனி. ஈழத்தமிழர்கள் பலரும் கடந்துவந்த வாசல் இது: ஓராண்டுக்கு மேல் முடிவு வராதபோதுதான் வேலைக்கு அனுமதி கேட்கவே முடியும். கிடைத்தாலும் அரசு பட்டியலிட்ட சில வேலைகளுக்கு மட்டும். அவருடைய கார்டைப் பார்த்தால் போதாது, அமைச்சகத்தின் முதலாளிகளுக்கான சரிபார்ப்புப் பிரிவுக்கு எழுதிப் பதிலும் வாங்க வேண்டும்.

இப்போது முதலாளியின் இடத்திலிருந்து கணக்குப் பார்ப்போம். இரண்டு பேர் ஒரே தகுதியோடு வருகிறார்கள். ஒருவர் பாஸ்போர்ட்டை மேசைமேல் வைக்கிறார். இன்னொருவர் விண்ணப்பம் நிலுவையில் இருப்பதாகச் சொல்லி, அமைச்சகத்துக்கு எழுதிக் கேட்கச் சொல்கிறார். இரண்டாமவரை எடுத்து அது தவறாகிப் போனால் 45,000 பவுண்டு. எடுக்காமல் விட்டால் நஷ்டம் ஏதும் இல்லை. இந்த நிலையில் அவரைத் தவிர்ப்பதற்கு முதலாளிக்கு இனவெறி தேவையில்லை, கணக்குத் தெரிந்திருந்தால் போதும். இது வெறும் ஊகம் அன்று. அமெரிக்கா 1986-இல் முதலாளிகளுக்கு இதே மாதிரி தண்டனை கொண்டுவந்தபோது, அதன் விளைவை நாடாளுமன்றத் தணிக்கை அலுவலகம் ஆராய வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். இந்தத் தண்டனையின் விளைவாகப் பரவலான பாகுபாடு தோன்றியிருக்கிறது என்று 1990 மார்ச்சில் அந்த அலுவலகம் அறிக்கை கொடுத்தது. அயல்நாட்டவர் போன்ற தோற்றமோ உச்சரிப்போ உள்ளவர்களை முதலாளிகள் ஒதுக்கியிருந்தார்கள். பிரிட்டனிலேயே வீட்டு உரிமையாளர்களுக்கு 2014 சட்டம் சுமத்திய இதே போன்ற சோதனையைப் பற்றி, அது பாகுபாட்டை உண்டாக்குகிறது என்று 2019-இல் உயர் நீதிமன்றம் கண்டது. மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் திட்டத்தைச் செல்லும் என்றது. ஆனால் ஓரளவு பாகுபாடு நடக்கிறது என்பதை அதுவும் மறுக்கவில்லை.

சான்று இல்லாத உரிமை எப்படி உருவாகிறது என்பதற்கு விண்ட்ரஷ் விவகாரத்தைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. 1948 ஜூனில் டில்பரி துறைமுகத்துக்கு வந்த கப்பலின் பெயரால் அழைக்கப்படும் இந்தத் தலைமுறை, பெரும்பாலும் கரீபியன் தீவுகளிலிருந்து பிரிட்டிஷ் குடிமக்களாகவே வந்தது. 1973-க்கு முன் வந்து குடியமர்ந்த காமன்வெல்த் நாட்டவர் தொடர்ந்து வாழலாம், வேலை செய்யலாம் என்று 1971-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி தந்தது. ஆனால் அதற்கென்று அவர்களுக்கு ஒரு தாளும் தரவில்லை, பட்டியலும் வைத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளாக வந்தவர்கள் பள்ளியில் படித்தார்கள், வரி கட்டினார்கள், ஓய்வுபெறும் வயதையும் நெருங்கினார்கள். 2012-க்குப் பிறகு சோதனைகள் இறுகியபோது முதலாளிகள் கேட்ட தாள் அவர்களிடம் இல்லை. அமைச்சகமோ வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஆதாரம் கேட்டது. அவர்கள் வந்திறங்கியதைக் காட்டியிருக்கக்கூடிய பழைய தரையிறங்கு அட்டைகளை 2010-இல் அதே அமைச்சகம்தான் அழித்திருந்தது. 2018 ஏப்ரலில் செய்தி வெடித்து உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். இங்கே உரிமையில் எள்ளளவும் சந்தேகமில்லை. இல்லாதது தாள் மட்டுமே.

அது காகித யுகத்தின் கோளாறு, எல்லாம் திரைக்கு வந்துவிட்டதால் இனி நடக்காது என்று வாதிடலாம். ஓரளவு நியாயமான வாதம்தான்: இ-விசா தொலையாது, போலி கார்டு அடிப்பவருக்கும் வேலையில்லை. ஆனால் திரையில் தெரிவது அரசு ஏற்றிவைத்த தகவல் மட்டுமே. விசா முடிவதற்குள் நீட்டிப்புக்கு விண்ணப்பித்தவரின் பழைய அனுமதி, முடிவு வரும்வரை தானாகவே நீடிக்கும் என்பது 1971 சட்டத்தின் 3சி பிரிவு. உரிமை உறுதியாக இருக்கிறது. ஆனால் அதைக் காட்டும் டிஜிட்டல் சான்று இவர்களில் பலருக்கும் கிடைக்கவில்லை. இப்படி வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்ட ஒரு பெண்ணும், குடியேறியோருக்கு உதவும் அமைப்பு ஒன்றும் தொடுத்த வழக்கில், அத்தகைய சான்றைத் தராதது சட்டவிரோதம் என்று 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விண்ட்ரஷ் வெளிச்சத்துக்கு வந்து ஆறாண்டு கழித்து, அதே அமைச்சகம், அதே ஓட்டை.

இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. சோதனை இல்லாவிட்டால் பேராசைக்கார முதலாளி அனுமதியில்லாதவர்களை அற்பக் கூலிக்கு வைத்துப் பிழிவான்; உள்ளூர்த் தொழிலாளியின் கூலியும் சரியும். இதை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் அற்பக் கூலிக்கு ஆள் வைப்பவன் யாரிடமும் ஷேர் கோட் கேட்கப் போவதில்லை. சோதனை பிடிப்பது விதியை மதிக்கிறவரைத்தான். மற்றவனைப் பிடிக்க தொழிலாளியே வந்து புகார் கொடுக்க வேண்டும். அந்த வழியை 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அடைத்தது. அனுமதியின்றி வேலை செய்வதே குற்றம், அந்தக் கூலியைக் குற்றத்தின் வருவாய் என்று பறிமுதல் செய்யலாம் என்று அது சொன்னது. பிறகு எந்தத் தொழிலாளி குறைந்த கூலி பற்றி வாய் திறப்பார்? உணவு விநியோக ஆப்களில் ஒருவர் கணக்கை இன்னொருவர் வாடகைக்கு ஓட்டுவதும் இந்தப் பயத்தை நம்பி நடக்கும் வியாபாரமே. அத்தகைய வேலைகளுக்கும் சோதனையை விரிவாக்கப் போவதாக 2025 மார்ச்சில் அரசு அறிவித்தது. கணக்குத் திறக்கும்போது ஒருமுறை பார்ப்பதால் மட்டும், பிறகு அந்த வண்டியை ஓட்டுவது யார் என்பது தெரிந்துவிடாது.

பாகுபாடு நடந்தால் சமத்துவச் சட்டம் இருக்கிறதே, தீர்ப்பாயத்துக்குப் போகலாமே என்பார்கள். போகலாம், இழப்பீட்டுக்கு உச்சவரம்பும் இல்லை. ஆனால் நிராகரிக்கப்பட்டவருக்குக் காரணமே சொல்லப்படுவதில்லை. பதில் வராத எத்தனையோ விண்ணப்பங்களில் அதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு அடுத்த இடம் தேடுவார். 2016-இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு கதவையும் சாத்தியது: ஒருவரின் நிலையற்ற குடியேற்ற நிலையைப் பயன்படுத்தி அவரைக் கொடுமைப்படுத்தியது இனப் பாகுபாட்டுக்குள் வராது என்றது. அமெரிக்கா 1990 அறிக்கைக்குப் பின் செய்த திருத்தம் இங்கே கவனிக்கத்தக்கது. ஏற்கத்தக்க ஆவணங்களில் எதைக் காட்டுவது என்பது தொழிலாளியின் விருப்பம்; இதைத்தான் கொண்டுவா, இன்னும் ஒன்று கொண்டுவா என்று பாகுபாட்டோடு கேட்கும் முதலாளிமேல் புகார் கொடுக்கலாம்.

பிரிட்டன் செய்யக்கூடியது அதைவிட எளிது. சரிபார்ப்புப் பிரிவு உரிமை உண்டு என்று பதில் தந்தால் முதலாளிக்கு ஆறு மாதம் பாதுகாப்பு என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டாலும், பதில் வரும்வரை அதே பாதுகாப்பு உண்டு என்று சேர்த்தால் போதும். இதனால் உரிமையில்லாத சிலர் சில வாரம் வேலை பார்த்துவிடுவார்கள் என்று அமைச்சகம் சொல்லும். சொல்வது சரிதான். ஆனால் அந்தச் சில வாரங்களைக் குறைப்பது முழுக்க அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. நிலுவையில் கிடக்கும் விண்ணப்பத்தை வேகப்படுத்த விண்ணப்பதாரராலும் முடியாது, கடைக்காரராலும் முடியாது.