தம் எண்ணங்களையும் எழுதிப் பார்க்கும் சிகிச்சையாளர்

“பயிற்சியில் இருப்பவரிடமா என்னை அனுப்புகிறீர்கள்?” என்று எங்கள் பிரிவுக்கு வருவோரில் சிலர் தயக்கத்துடன் கேட்பதுண்டு. அது நியாயமான கேள்வியே. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைப் பயிலும் நாங்கள் எவ்வாறு பயில்கிறோம் என்பதை நோயாளரும் குடும்பத்தாரும் அறிந்திருப்பது நல்லது.

அமெரிக்க மனநல மருத்துவர் ஏரன் பெக் 1960களில் இச்சிகிச்சைக்கு வழிவகுத்தார். ஒரு நிகழ்வுக்கு நாம் கொள்ளும் பொருள், நம் உணர்வையும் செயலையும் பெரிதும் மாற்றுகிறது என்பதே இதன் அடிப்படை. எனவே, தாமாக எழும் எண்ணங்களைக் குறித்துவைக்கவும், அவற்றுக்குச் சான்று உண்டா என ஆராயவும், அஞ்சி விலக்கியவற்றைச் சிறிது சிறிதாகச் செய்து பார்க்கவும் நோயாளர் கற்கிறார்.

தம்மீதே பயிற்சி

இவற்றை நூலில் படிப்பது மட்டும் போதாது. பயிலுநர் இம்முறைகளைத் தம்மீதே பயன்படுத்தி, பின்னர் அந்த அனுபவத்தைப் பற்றிச் சிந்தித்து எழுதும் வழக்கம் உண்டு. ஜேம்ஸ் பெனட்-லெவி குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு பயின்றோர் சிகிச்சையைப் பற்றிய தம் புரிதல் ஆழமானதாகத் தெரிவித்தனர்.

ஓர் எடுத்துக்காட்டு: அமர்வின்போது நோயாளர் அடிக்கடி கடிகாரத்தைப் பார்க்கிறார். “என்னால் இவருக்குப் பயனில்லை” என்ற எண்ணம் சிகிச்சையாளருக்கு எழுகிறது. பதற்றம் நூற்றுக்கு 70. அன்று மாலை அவர் அதனைப் பதிவேட்டில் எழுதுகிறார். எண்ணத்துக்கு ஆதரவான சான்று: கடிகாரத்தைப் பார்த்தது. எதிரான சான்று: நோயாளர் தவறாமல் வருகிறார், மனம்விட்டுப் பேசுகிறார். மாற்று எண்ணம்: “காரணம் எனக்குத் தெரியாது, அவரிடமே கேட்கலாம்.” பதற்றம் 40 ஆகிறது. அடுத்த அமர்வில் கேட்கும்போது, பேருந்துக்கு நேரமானதே காரணம் என்று தெரியவரலாம். சிகிச்சை பொருந்தவில்லை என்றும் தெரியவரலாம். எதுவாயினும் ஊகத்தைவிட உண்மை பயனுடையது.

இதனால் நாங்கள் உணர்வது

களைத்த இரவில் பதிவேட்டைத் திறப்பது எளிதன்று. ஆகவே நீங்கள் வீட்டுப்பயிற்சியை முடிக்காமல் வந்தால், அதனைச் சோம்பல் என்று கொள்ளாமல், தடையாக நின்றது எது என்று கேட்கிறோம். மாற்று எண்ணம் அறிவுக்குப் புலப்பட்டாலும், மனம் உடனே நம்பிவிடுவதில்லை. பலமுறை செய்து பார்த்த பின்னரே நம்புகிறது. 70 என்பது 40 ஆகக் குறைவதும் முன்னேற்றமே.

எங்கள் சொந்தக் கவலைகளை உங்கள் அமர்வுக்குள் கொண்டுவருவதில்லை; அவற்றுக்கு உரிய இடம் மேற்பார்வையாளருடனான சந்திப்பு. உங்கள் அமர்வை ஒலிப்பதிவு செய்ய வேண்டுமெனில் முதலில் உங்கள் இசைவைக் கேட்போம்; தாராளமாக மறுக்கலாம்.

உங்களிடம் வேண்டுவது

“இம்முறை எனக்கு ஒத்துவரவில்லை”, “எழுத முடியவில்லை” என்று தயங்காமல் கூறுங்கள். அச்சொற்களைக் கொண்டே சிகிச்சையைத் திருத்தி அமைக்கிறோம். குடும்பத்தார், “நல்லதையே நினை” என்று வற்புறுத்த வேண்டா. இச்சிகிச்சை கேட்பது சான்றைத்தான். நோயாளரின் பதிவேட்டை அவர் இசைவின்றிப் படிக்காதீர்கள். தம் எழுத்து தமக்கே உரியது என்ற உறுதி இருந்தால்தான் எவரும் உண்மையை எழுதுவர்.