சுட்ட தோட்டாவைச் சுருக்குவது: பித்தளைக்குள் எழுதப்படும் கணக்கு

சுட்டு முடித்த தோட்டாவை என்ன செய்வார்கள்? சினிமாவில் அது தரையில் விழுந்து 'டிங்' என்று சத்தம் போடும், ஹீரோ நடந்து போய்விடுவார். நிஜத்தில் அமெரிக்கா, பிரேசில் போன்ற நாடுகளில் அதைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோய், கழுவி, அளவுக்குச் சுருக்கி, மறுபடி மருந்தும் ரவையும் நிரப்புகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் துப்பாக்கி வைத்திருப்பவன் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. எனக்கு ஆர்வம் அந்தப் பித்தளைக் கூட்டின் மேல்தான். ஒரு மெல்லிய உலோகக் குழாயைத் திரும்பத் திரும்ப விரித்தும் நசுக்கியும் பயன்படுத்தினால் அதற்குள் என்ன நடக்கிறது என்று தேடப் போய், விஷயம் குதிரை லாயம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் சில அடிப்படைகள். ரவைத் துப்பாக்கித் தோட்டா என்றால் இன்று நாம் பார்ப்பது பிளாஸ்டிக் உடம்பும் பித்தளை நிற அடிப்பாகமும் கொண்டது. பிளாஸ்டிக் வந்ததே 1960இல்தான், ரெமிங்டன் கம்பெனி கொண்டுவந்தது. அதற்கு முன் அட்டை உடம்பு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முழுக்க முழுக்கப் பித்தளையிலேயே செய்த கூடுகளும் பரவலாக இருந்தன. பிரேசிலின் சி.பி.சி. நிறுவனம் 'மேக்டெக்' என்ற பெயரில் முழுப் பித்தளைக் கூடுகளைச் செய்து விற்கிறது. பழைய கருமருந்துத் துப்பாக்கிகளைச் சுட விரும்புகிறவர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். (ஒரு சின்ன சோதனை: இன்றைய பிளாஸ்டிக் தோட்டாவின் 'பித்தளை' அடிப்பாகத்தில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பல தோட்டாக்களில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பது எஃகு, மேலே பித்தளை முலாம்.)

'12 போர்' என்கிறோமே, அதற்கு என்ன அர்த்தம்? ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு குழலின் உள்விட்டம். ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். 16 போர் 16.8, 20 போர் 15.6. எண் கூடினால் குழல் சின்னதாகும். .410 மட்டும் இந்தக் கணக்கில் வராது. அது நேரடியாக அங்குல அளவு, அதாவது 10.4 மில்லிமீட்டர்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

சுடும்போது வாயுவின் அழுத்தம் கூட்டின் சுவரை வெளியே தள்ளி, துப்பாக்கியின் எஃகு அறையோடு ஒட்ட வைக்கிறது. இது வேண்டுமென்றே செய்யப்படுவது. சுவர் ஒட்டிக்கொண்டால்தான் வாயு பின்பக்கமாக, சுடுகிறவர் முகத்தை நோக்கி வராது. அழுத்தம் இறங்கியதும் பித்தளை கொஞ்சூண்டு சுருங்கும். இதை மீள்வு என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சின்ன மீள்வு இருப்பதால்தான் காலிக் கூட்டை வெளியே இழுக்க முடிகிறது. எவ்வளவு சின்னது? கெட்டியான பித்தளை, நீள்மையின் எல்லைக்குள் அரை சதவீதத்துக்கும் குறைவாகவே திரும்பும். இருபது மில்லிமீட்டர் விட்டமுள்ள கூட்டில் அது ஒரு தலைமுடியின் தடிமன் அளவு. நன்றாக இளகிய பித்தளை என்றால் அதில் கால் பங்குகூட வராது.

அப்படியானால் சுட்டபின் கூடு எந்த அளவில் இருக்கும்? அது இருந்த துப்பாக்கி அறையின் அளவில், ஒரு முடி குறைவாக. தொழிற்சாலை அளவில் இல்லை. பழைய துப்பாக்கிகளில் அறைகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. இரட்டைக்குழல் என்றால் இடது அறைக்கும் வலது அறைக்குமே வித்தியாசம் இருக்கலாம். இடதில் சுட்ட கூடு வலதில் ஏறாமல் மல்லுக்கட்டும். எப்போதும் ஒரே துப்பாக்கி, ஒரே அறை, கருமருந்து மட்டும் என்றால் பலர் சுருக்குவதே இல்லை. கருமருந்தின் அழுத்தம் குறைவு, கூடு அதிகம் விரியாது. மற்றவர்களுக்குச் சுருக்கித்தான் ஆகணும்.

சுருக்கும் வேலை பார்க்க எளிமையானது. கடினமான எஃகில் துளையிட்ட ஒரு வளையம், பட்டறை மொழியில் 'டை'. கூட்டின் வெளிப்பக்கத்தில் லேசாக மசகு தடவி, பிரஸ்ஸின் கைப்பிடியை இழுத்து டைக்குள் தள்ளி எடுக்க வேண்டும். மசகு இல்லாவிட்டால் கூடு டைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். தடித்த அடிப்பாகம் அதிகம் அசையாது, மெல்லிய சுவர்தான் சுருங்கும்.

ஆனால் அந்த மீள்வு இங்கேயும் வேலை செய்கிறது, இந்த முறை எதிர்த்திசையில். டையிலிருந்து வெளியே வந்ததும் கூடு ஒரு முடி விரிந்துகொள்ளும். அதனால் டையின் துளையை, நமக்கு வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் சிறியதாகவே செய்வார்கள். இதுவரை சரி. சிக்கல் என்னவென்றால் பித்தளையை ஒவ்வொரு முறை விரிக்கும்போதும் நசுக்கும்போதும் அது இறுகுகிறது. இறுகிய பித்தளைக்கு மீள்வு அதிகம். அதே டை, அதே கை, அதே மசகு, ஆனால் பத்தாவது முறை வெளியே வரும் கூடு முதல்முறை வந்ததைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். அளவுகோலில் தெரியும் அந்த வித்தியாசம் டையின் தேய்மானம் என்றுதான் முதலில் தோன்றும். எனக்கு இந்த முழு விஷயத்திலும் பிடித்த இடம் இதுதான். கூடு வெடிப்பு விடுவதற்கு ரொம்ப முன்னாலேயே அளவு வழியாகத் தகவல் சொல்லிவிடுகிறது.

ஏன் இறுகுகிறது? உலோகம் என்பது படிகங்களின் கூட்டம். வளைக்கும்போது படிகத்துக்குள் அணு வரிசைகளில் உள்ள பிசகுகள் நகர்கின்றன. 1934இல் டெய்லர், ஓரோவான், பொலானி மூவரும் தனித்தனியாக இதை விளக்கினார்கள். நகரும் பிசகுகள் பெருகும், ஒன்றோடொன்று சிக்கும், அப்புறம் நகர இடம் இருக்காது. நகர முடியாத உலோகம் வளையாது, கிழியும். புரோகிராமர்களுக்குச் சொல்வதென்றால் இது ஒரு மெமரி லீக். வெளியே எல்லாம் சரியாக ஓடுகிற மாதிரிதான் இருக்கும், உள்ளே சேர்ந்துகொண்டே போகும். ரீஸ்டார்ட் செய்ய ஒரே வழி நெருப்பு.

இதை எண்களில் பார்க்க ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது, அதில் நம்ம நாட்டுச் சம்பந்தமும் உண்டு. நம்ம போலீஸ் கையில் பல காலம் பார்த்த 'த்ரீ நாட் த்ரீ' எனப்படும் .303 ரைஃபிளின் தோட்டாவும் .410 ரவைத் தோட்டாவும் விளிம்பு அளவில் ஏறக்குறைய ஒன்று. இரண்டும் 13.7 மில்லிமீட்டரை ஒட்டி வரும். பிரிட்டிஷ் இந்தியாவில் .303 ரைஃபிள்களை ரவைத் துப்பாக்கியாக மாற்றி, காவல் பணிக்காகக் கொடுத்தார்கள். .410 மஸ்கட் என்று பெயர். அதன் தோட்டா, கழுத்துக் குறுக்காமல் நேராக விட்ட .303 கூடுதான். களவு போனாலும் அதில் ராணுவத்தின் .303 தோட்டாவைப் போட்டு ரைஃபிளாகப் பயன்படுத்த முடியாது என்பது அதில் ஒரு வசதி. (.303 இங்கே எவ்வளவு நீடித்தது என்றால், உத்தரப் பிரதேச போலீஸ் அதற்கு விடைகொடுத்ததே 2020 குடியரசு தினத்தில்தான்.)

தொழிற்சாலைக்குக் கழுத்தைக் குறுக்காமல் விடுவது சுலபம். வீட்டில் செய்கிறவர் கையில் இருப்பதோ ஏற்கெனவே குறுக்கிய, சுட்டு முடித்த .303 கூடு. கழுத்தின் வெளிவிட்டம் சுமார் 8.6 மில்லிமீட்டர். அதை நேராக்கி .410 அறைக்குள் பொருந்த வைக்க வேண்டுமென்றால் பதினொன்றரை மில்லிமீட்டரை ஒட்டி விரிக்கணும். சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு நீட்டம்! தோட்டாவுக்குப் பயன்படுவது 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் கலந்த பித்தளை. நன்றாகச் சூடுகாட்டி இளக்கிய நிலையில் அது அறுபது சதவீதத்துக்கும் மேல் நீளும், பிறகுதான் அறுபடும். இறுகிய நிலையில் அதே பித்தளை எட்டு சதவீதத்தை ஒட்டியே அறுந்துவிடும். தேவை 33. கையில் இருப்பது 60ஆ, 8ஆ என்பதைத் தீர்மானிப்பது நெருப்பு மட்டும்தான். சூடுகாட்டாமல் விரித்தால் வாய் வாழைப்பூ மாதிரி பிரிந்து நிற்கும். சூடுகாட்டியபின், கூம்பு முனைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்திப் படிப்படியாக விரிக்கலாம், நடுவில் மறுபடி சூடுகாட்ட வேண்டியும் வரலாம்.

இதற்கு அனீலிங் என்று பெயர். கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறைகளில் குடத்தைத் தட்டுகிறவருக்கு இது புதிதில்லை. தட்டத் தட்டத் தகடு அடியை வாங்காமல் திமிறும், உடனே உலைக்குப் போகும், இளகி வரும், மறுபடி சுத்தியல். தோட்டாத் தொழிற்சாலையிலும் தட்டையான பித்தளை வட்டைக் கிண்ணமாக்கி, கிண்ணத்தைக் குழாயாக இழுக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் இதே சூடுதான்.

ஆனால் குடத்துக்கும் தோட்டாவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. குடத்தை முழுக்கச் சூடாக்கலாம். தோட்டாவில் வாய்ப்பக்கம் மட்டும்தான் இளக வேண்டும். கேப் உட்காரும் அடிப்பாகம் கெட்டியாகவே இருக்க வேண்டும், வெடிப்பின் முழு அழுத்தத்தையும் தாங்குவது அதுதான். அடிப்பாகம் இளகிய கூட்டைச் சுட்டால் அது பின்பக்கம் கிழிந்து, வாயுவும் உலோகத் துணுக்கும் கண்ணுக்கு வரும். அதனால் அடிப்பாகத்தைத் தண்ணீருக்குள் நிறுத்தி வைத்து, வெளியே தெரியும் வாய்ப்பகுதிக்கு மட்டும் தீச்சுடர் காட்டுவார்கள். சூடானதும் கூட்டைத் தண்ணீரில் சாய்த்துவிடுவார்கள். எஃகைத் தண்ணீரில் போட்டால் கெட்டிப்படும், பித்தளைக்கு அந்தக் குணம் கிடையாது. சூடு கீழே பரவாமல் நிறுத்தத்தான் தண்ணீர். பித்தளை பிரகாசமாகச் சிவக்கும்வரை விட்டால் காரியம் கெட்டது. அளவுக்கு மீறி இளகிய வாய், மீள்வு போதாமல் அறையிலேயே அப்பிக்கொள்ளும். ரொம்ப இறுகினால் பிளக்கும், ரொம்ப இளகினால் ஒட்டும். நடுவில் இருப்பது ஒரு சின்ன சந்து.

இப்போது குதிரை லாயம்.

பிரிட்டிஷ் ராணுவத்துக்கு இந்தியாவில் ஒரு விசித்திரமான தொல்லை இருந்தது. மழைக்காலத்தில், லாயங்களில் சேமித்து வைத்த தோட்டாக்கள், யாரும் தொடாமலேயே வெடிப்பு விட்டன. பருவத்தோடு வந்ததால் 'பருவ வெடிப்பு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். குண்டை இறுகப் பிடித்திருக்கும் வாய்ப்பகுதியில்தான் விரிசல். பித்தளையின் தரம் சரி, அளவும் சரி. பிறகு ஏன்? 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் விடையைச் சொன்னார்கள். குதிரையின் சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியா, மழைக்கால ஈரம், அதோடு தயாரிப்பின்போது நசுக்கியதால் பித்தளைக்குள்ளேயே தங்கிப்போன இழுவிசை. மூன்றும் சேர்ந்தால்தான் வெடிப்பு.

இதில் வெளியாட்கள் முதல் இரண்டும். மூன்றாவது கூட்டுக்குள்ளேயே இருந்தது. லாயத்தை மாற்றலாம், மழையை நிறுத்த முடியாது, ஆனால் உள்ளே தங்கிய விசையை 250 டிகிரி செல்சியஸை ஒட்டிய மிதமான சூட்டிலேயே தளர்த்திவிடலாம். கெட்டித்தன்மையும் பெரிதாகக் குறையாது. ராணுவ ரைஃபிள் தோட்டாக்கள் சிலவற்றின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை தெரியும். அது அழுக்கு இல்லை, சூடுகாட்டிய தடம்.

இதிலிருந்து மறுபடி நிரப்புகிறவர்களுக்கு நேரடியான ஒரு செய்தி உண்டு: அம்மோனியா கலந்த பளபளப்புத் திரவத்தால் கூட்டைக் கழுவக் கூடாது. டையில் நசுக்கிய கூட்டுக்குள் விசை தங்கியிருக்கிறது, ஈரம் எங்கும் இருக்கிறது, அம்மோனியாவை நாமே ஊற்றினால் லாயத்தை வீட்டுக்குள் கட்டின மாதிரி. கருமருந்தின் கசடும் பித்தளையை அரிக்கும், சுட்ட அன்றே சுடுதண்ணீரில் கழுவிவிட வேண்டும்.

நம் ஊரில் யாராவது இதைப் படித்துவிட்டு முயற்சி செய்யக் கிளம்பினால் ஒரு வார்த்தை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். துப்பாக்கி லைசென்ஸ் இருப்பதாலேயே அந்த உரிமையும் சேர்ந்து வந்துவிடும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மருந்து அளவுகளை நான் வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

கடைசியாக, ஒரு கூட்டை எப்போது கைவிடுவது? வாயில் நெடுக்காக ஒரு மயிரிழை விரிசல் தெரிந்தால் அது இறுகிப்போன கூடு. சூடுகாட்டத் தவறியதன் அடையாளம், அதற்குமேல் சூடுகாட்டியும் பயனில்லை. அடிப்பாகத்துக்குச் சற்று மேலே குறுக்காக ஒரு பளபளப்பான கோடு ஓடினால் அது இன்னும் மோசம், அடுத்த முறை கூடு இரண்டாகப் பிரியலாம். கேப் உட்காரும் குழி தளர்ந்து, கேப் கை விரலாலேயே உள்ளே போனாலும் கதை முடிந்தது. அனுபவசாலிகள் இப்படிப்பட்ட கூட்டை அப்படியே குப்பையில் போடுவதில்லை. இன்னொருவர் பொறுக்கி நிரப்பிவிடாமல் இருக்க, குறட்டால் வாயை நசுக்கி, பழைய பித்தளைக்குப் போடும் டப்பாவில் போடுகிறார்கள். அங்கிருந்து அது எடைக்குப் போகும், மறுபடி முழுசாக உருகும்.