பாரிசவாயுவும் பரம்பரையும்

“தகப்பனாருக்கும் இப்படித்தான் வந்தது, மகனுக்கும் வந்துவிட்டது, எல்லாம் தலையெழுத்து” என்று கிராமங்களில் பலர் சொல்லக் கேட்கிறோம். பாரிசவாயு என்றும் பக்கவாதம் என்றும் வழங்கும் நோய்க்குக் குடும்ப வழியில் தொடர்பு உண்டு என்பது உண்மையே. ஆனால் அதைத் தடுக்க இயலாது என்பது உண்மையன்று.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலும் வெடித்தாலும் மூளையின் அப்பகுதி செயலற்றுப் போகிறது. அதன் விளைவாகவே கை கால் விழுந்துவிடுகின்றன, வாய் கோணுகிறது, பேச்சுக் குழறுகிறது.

குடும்பத் தொடர்பு

அமெரிக்காவில் பிரேமிங்காம் என்னும் ஊரில் 1948 முதல் மக்களின் உடல்நிலையைத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து வருகின்றனர். தாய் தந்தையருள் ஒருவருக்கு 65 வயதுக்குள் பக்கவாதம் வந்திருந்தால், பிள்ளைகளுக்கு அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது என்று 2010இல் வெளியான அதன் முடிவு ஒன்று கூறுகிறது.

இத்தொடர்பு இரு வழிகளில் அமைகிறது. இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் எளிதில் பற்றும் உடற்கூறு பிறப்பால் வருவது ஒன்று. ஒரே அடுப்பங்கரையின் உப்பும், ஊறுகாயும், கருவாடும், வீட்டுப் பெரியோரைக் கண்டு பழகிய பீடியும் புகையிலையும் பழக்கத்தால் வருவது மற்றொன்று. பிறப்பை மாற்ற இயலாது, பழக்கத்தை மாற்றலாம். விதையின் குணம் எதுவாயினும், நீரும் உரமும் களையெடுப்பும் விளைச்சலை மாற்றுவதை உழவர் அறிவர். 32 நாடுகளில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, பக்கவாதத்தின் பெரும்பகுதி திருத்தக்கூடிய பத்துக் காரணங்களோடு தொடர்புடையது என்று காட்டிற்று. அவற்றுள் முதன்மையானது இரத்தக் கொதிப்பு.

செய்ய வேண்டுவன

இரத்தக் கொதிப்பு வலி ஏதும் காட்டாது. ஆகவே பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ பக்கவாதம் வந்திருந்தால், 30 வயது ஆனதுமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பார்த்துக்கொள்ள வேண்டும். அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பின் மருத்துவர் சொற்படி நடக்க வேண்டும். உடம்பு நன்றாயிருக்கிறது என்று மாத்திரையை நாமாக நிறுத்தலாகாது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ் இம்மருந்துகள் வீட்டிற்கே வந்து சேர வழி செய்யப்பட்டுள்ளது. உப்பு நாளொன்றுக்கு ஒருவருக்கு ஒரு தேக்கரண்டிக்கு மிகாதிருத்தல் நலம். புகையிலையை அறவே விட வேண்டும்.

சம்பந்தம் தட்டிப் போகும் என்று அஞ்சிக் குடும்ப நோயை மறைப்போரும் உளர். ஊரார் அறிய வேண்டுவதில்லை. மருத்துவரிடம் மட்டும் மறைக்கலாகாது. தந்தைவழி மட்டுமன்றித் தாய்வழியில் நேர்ந்ததையும் கூற வேண்டும்.

நோய் வந்துவிட்டால்

முகம் ஒரு பக்கம் கோணினாலும், ஒரு கை தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும், அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108க்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அடைப்பினால் வந்த நோயாயின், நாலரை மணி நேரத்திற்குள் தரப்படும் ஊசி மருந்து தகுதியுள்ள நோயாளிகளுக்குக் கட்டியைக் கரைக்க உதவும். எவ்வகை நோய் என்பதை மூளையை ஸ்கேன் செய்து பார்த்தே மருத்துவர் அறிவார். எண்ணெய் தேய்ப்பதிலும் புறா இரத்தம் பூசுவதிலும் அந்த அரிய நேரம் வீணாகிவிடும். வாய்வழியே நீரோ உணவோ கொடுக்கலாகாது. விழுங்க இயலாமல் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

ஊராட்சியின் பணி

ஒரு வீட்டில் ஒருவர் படுக்கையில் வீழ்ந்தால், அவரைப் பேண மற்றொருவரும் வேலையை விட நேர்கிறது, நிலம் தரிசாகிறது, கடன் ஏறுகிறது. ஆகவே ஊராட்சி உறுப்பினர்கள் கிராம சபையில் இச்செய்தியை எடுத்துரைப்பார்களாக. எவர் பெயரையும் சுட்டாமல், நோய் கண்ட குடும்பத்தினரைப் பரிசோதனைக்கு வரத் தூண்டுவார்களாக. தந்தைக்கு வந்த நோய் மகனுக்கு விதியன்று. முன்னதாகவே கிடைத்த எச்சரிக்கை.