ஆயாவுக்கு வரும் ஆயிரத்து இருநூறு

தம்பி, டீ கொஞ்சம் ஆறட்டும், அதற்குள் கணக்கைப் பார்த்துவிடலாம். "ஆயாவுக்குத்தான் மாசாமாசம் ஓ.ஏ.பி. பணம் ஏறுதே, நான் வேற எதுக்கு ஓசூர்ல இருந்து அனுப்பணும்?" என்று கேட்டீர்கள். கோபத்தில் கேட்கவில்லை, விளங்காமல்தான் கேட்டீர்கள். தொப்பூரில் பிள்ளைகள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட்ட பல வீடுகளில் இதே கேள்வி இருக்கிறது.

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். 2023 ஜூலை 24 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தது இதே தொப்பூரில்தான். மாதம் 1000 ரூபாய் என்றதும் வயதான பெண்களும் ஆசைப்பட்டது இயல்பு. ஆனால் ஓ.ஏ.பி. என்கிற முதியோர் உதவித்தொகையோ விதவை உதவித்தொகையோ வாங்குகிறவர்களுக்கு அது கிடையாது என்பது விதி. அந்த முகாமுக்கு இரண்டு நாள் முன்பு, ஜூலை 22 அன்று, அமைச்சரவை கூடி முதியோர் உதவித்தொகையை 1000 ரூபாயிலிருந்து 1200 ஆக்கியிருந்தது. ஆகஸ்ட் மாதம் முதல் அந்தத் தொகை. ஒரே வீட்டில் ஆயாவுக்கு ஓ.ஏ.பி., அம்மாவுக்கு உரிமைத் தொகை என்று இரண்டும் வரலாம். ஒரே ஆளுக்கு இரண்டும் வராது. உங்கள் ஆயாவுக்கு அந்த ஆயிரம் வராததற்கு யாரும் தடுத்ததோ மறைத்ததோ காரணம் இல்லை.

இந்த 1200 எங்கிருந்து வருகிறது? தமிழ்நாடு இதை ஆரம்பித்தது 1962 ஏப்ரல் 1 அன்று, காமராஜர் முதல்வராக இருந்தபோது. ஆதரவற்ற முதியவருக்கு மாதம் 20 ரூபாய். மத்திய அரசு இந்தப் பக்கம் வந்தது முப்பத்து மூன்று ஆண்டு கழித்து, 1995 ஆகஸ்ட் 15 அன்று, மாதம் 75 ரூபாயோடு. பிறகு அது 200 ஆனது. 2007இல் இந்திரா காந்தி பெயர் வைத்தபோதும் 200தான். 2011இல் தகுதி வயதை 65இலிருந்து 60 ஆகக் குறைத்தார்கள், 80 தாண்டியவர்களுக்கு 500 என்றார்கள். 60 முதல் 79 வரையுள்ளவர்களுக்கு அப்போதும் அதே 200. நாடாளுமன்றத்தின் ஊரக வளர்ச்சி நிலைக்குழு இதை உயர்த்துங்கள் என்று பலமுறை சொல்லியிருக்கிறது. இருநூறை முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை, நம் கையில் இருக்கும் இந்த டீக்கே போதாது. மீதியை மாநில அரசுதான் போட்டு நிரப்புகிறது.

அந்த மாநிலத் தொகையும் எப்படி நகர்ந்தது என்று பாருங்கள். 2011இல் 500 ரூபாயை 1000 ஆக்கினார் ஜெயலலிதா. அது பெரிய உயர்வு, மறுக்கவே முடியாது. அதன்பின் 2023 வரை பன்னிரண்டு ஆண்டு அதே ஆயிரம். அந்தப் பன்னிரண்டு ஆண்டில் பருப்பு விலை, எண்ணெய் விலை, பஸ் கட்டணம் எதுவும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவருக்கு விலைவாசியைப் பார்த்து ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி கணக்கிடும் முறை இருக்கிறது. காடு கழனியில் கூலிக்குப் போய் உடம்பு தேய்ந்தவருக்கு அப்படி ஒரு முறையே கிடையாது. யாராவது மனது வைத்து அறிவித்தால்தான் ஏறும். எனக்கு மனம் ஆறாத இடம் இது. தொகை சிறியது என்பதைவிட, விலை ஏறும்போது கூடவே ஏற வேண்டும் என்ற ஏற்பாடு அதில் இல்லை என்பதுதான் பெரிய குறை.

இப்போது ஆயாவின் விஷயத்துக்கு வருகிறேன். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷனுக்குப் பெரிய செலவு இருக்காது. அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையும் இருக்கிறது, ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அந்தப் பக்கம் தமிழ்நாடு நன்றாகவே செய்திருக்கிறது. சிக்கல் தொடங்குவது டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுத் திண்ணைக்கு வந்த பிறகு. காப்பீடு மருத்துவமனைக் கட்டிலில் படுத்த நாட்களுக்கானது. வீட்டில் படுத்திருக்கும் மாதங்கள் அதன் கணக்கில் வராது.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும். குதிகால், இடுப்பின் அடிப்பகுதி, தோள்பட்டை, இந்த மூன்று இடத்தையும் தினமும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். புண் வந்துவிட்டால் டிரெஸ்ஸிங், மருந்து, மறுபடி மருத்துவமனை. அதைத் தவிர்க்க ஏர் பெட், உட்கார வைக்க ஓட்டை போட்ட நாற்காலி, டயபர். மெடிக்கல் ஷாப்பில் ஒரு டயபர் முப்பது, நாற்பது ரூபாய் ஆகிறது. 1200ஐ முப்பதால் வகுத்தால் நாளுக்கு நாற்பது. ஒரு டயபரோடு அந்த நாள் பணம் முடிந்தது. கட்டுப்பிரித்துக் காட்டத் தருமபுரிக்கோ சேலத்துக்கோ போக வேண்டும், இடுப்பு உடைந்தவரை டவுன் பஸ்ஸில் ஏற்ற முடியுமா? கார் வைக்கணும்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் செலவு. தெரியாத செலவு உங்கள் அம்மா. ஆயாவைப் பார்த்துக்கொள்ள அவர் நூறு நாள் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். 2025-26இல் தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். நான்கு நாள் போகாவிட்டால் 1344 போச்சு. ஆயாவின் ஒரு மாதப் பென்ஷனை அம்மா நான்கு நாளில் இழந்துவிடுகிறார். களையெடுப்பு, கரும்பு வெட்டு, பூப்பறிப்பு என்று மற்ற கூலியும் போய்விடும். முதியோர் பராமரிப்புச் செலவு ஏறிவிட்டது என்று பேப்பரில் வரும்போது நகரத்து முதியோர் இல்லக் கட்டணத்தைத்தான் எழுதுகிறார்கள். கிராமத்தில் அந்தக் கட்டணத்தைக் கட்டுவது மருமகளின் கூலி. நீங்கள் ஓசூரில் இருந்து அனுப்ப வேண்டிய பணம் ஆயாவுக்கு என்று நினைக்காதீர்கள், அம்மாவுக்கு என்று நினைத்து அனுப்புங்கள்.

இதை அரசுகள் உணரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கேரளத்தில் 'ஆஸ்வாசகிரணம்' என்று ஒரு திட்டம், படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவர் பெயருக்கே ஒரு சிறு தொகை தருகிறது. ஆந்திரத்தில் 2024 ஜூலை முதல் முதியோர் ஓய்வூதியம் 4000, பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருப்பவருக்கு 15,000. ஜெர்மனியில் பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு, வீட்டில் மகளோ மருமகளோ பார்த்துக்கொண்டாலும் அதிலிருந்து பணம் வரும். அதுவும் நம் நாட்டில் 75 ரூபாய் திட்டம் வந்த அதே 1995இல்தான் வந்தது. தமிழ்நாட்டில் மக்கள்தொகைக் கணிப்புப்படி 2021இல் நூற்றுக்கு 13.6 பேர் அறுபது தாண்டியவர்கள், 2031இல் 18.2 பேர். இனி மருத்துவமனைக் கட்டில்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் போதாது. பார்த்துக்கொள்ளும் கைக்கும் கூலி வேண்டும்.

அது வரும்போது வரட்டும். இன்றைக்கு உங்களால் ஆகிற வேலைகளைச் சொல்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரையோடு இயன்முறை மருத்துவமும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வரும் திட்டம் அது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஆயா பெயரைப் பதியச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு நடக்க வைப்பதற்கு அந்த இயன்முறை மருத்துவர்தான் முக்கியம். நடந்துவிட்டால் பாதிச் செலவு இல்லை.

ஆயா நடக்கவே முடியாமல் போய்விட்டால் மாற்றுத்திறன் மதிப்பீட்டுக்கு அழைத்துப் போங்கள். பாதிப்பு 75 சதவீதத்துக்கு மேல் என்று சான்று கிடைத்தால், மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 2023இலேயே அது மாதம் 2000 ஆக இருந்தது. ஓ.ஏ.பி.யையும் அதையும் சேர்த்து வாங்க முடியாது, எது அதிகமோ அதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பலருக்கு இது தெரியாமலே போகிறது.

பணம் எடுக்கும் இடத்திலும் ஒரு தொல்லை உண்டு. ஆயுசு முழுக்க மண்ணில் வேலை செய்த கை, ரேகை தேய்ந்திருக்கும், மிஷினில் விழாது. விழவில்லை என்றால் பெருவிரலையே திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம். வேறு விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பியுங்கள். பாஸ்புக்கில் மாதாமாதம் என்ட்ரி போட்டு, ஏறிய தொகையும் கைக்கு வந்த தொகையும் ஒன்றா என்று நீங்களே பாருங்கள்.

பெற்றோர் பராமரிப்புச் சட்டம் என்று 2007இல் ஒன்று வந்தது, கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 வரை வாங்கித் தரலாம். வக்கீல் தேவையில்லை. உங்கள் பெரியப்பாவை மனதில் வைத்துத்தான் இந்தச் சட்டத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. அது கடைசி வழியாக இருக்கட்டும். ஆயாவே சம்மதிக்க மாட்டார், பெற்ற பிள்ளை மேல் மனுப் போட எந்தத் தாய்க்கும் கை வராது. நீங்களே பெரியப்பா வீட்டுக்குப் போய் மேலே சொன்ன கணக்கைச் சொல்லுங்கள். அம்மா இழக்கும் கூலி எவ்வளவு என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவின் ஓ.ஏ.பி. மனு தள்ளுபடி ஆனதாகச் சொன்னீர்கள் அல்லவா? என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் "மகன் இருக்கிறார்" என்றுதான் இருக்கும். மகன் தனியாகப் போய்விட்டார், ஆதரிப்பதில்லை என்றால் அதை வி.ஏ.ஓ. விசாரணையில் தெளிவாகச் சொல்லி எழுத வைக்க வேண்டும். இ-சேவையில் புதிதாகப் பதிந்துவிட்டு, நல்லம்பள்ளி தாலுகா ஆபீசில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தாரை நேரில் பாருங்கள். அங்கும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை தருமபுரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனுக் கொடுங்கள், மனு எண் வாங்காமல் திரும்ப வேண்டாம்.