வழக்காட வந்த மாது

மதீனா நகரிலே வாழ்ந்த கவ்லா பின்த் தஃலபா என்னும் மாது, தன்னைத் தாய்க்கு ஒப்பிட்டுச் சொல்லி இல்வாழ்க்கையினின்று விலக்கி, மறுவிவாகத்துக்கும் வழியின்றி நிறுத்திவிட்ட கணவனைக் குறித்து நபிகள் நாயகத்திடம் முறையிட்டார். பரிகாரம் இல்லையென்று முதலில் தோன்றியபோதும் மனந்தளராது மீண்டும் மீண்டும் வாதித்தார். அந்த வாதத்தை இறைவன் செவியுற்றான் என்னும் செய்தியோடு தொடங்கும் திருக்குர்ஆனின் 58-ஆம் அத்தியாயம், அக்கொடிய வழக்கத்தைக் கண்டித்து, அவ்வாறு சொன்ன கணவனுக்குப் பிராயச்சித்தமும் விதிக்கிறது. பிற்காலத்தில் முதுமையெய்திய அம்மாது வழிமறித்துப் பேசியபோது கலீஃபா உமர் நின்று கேட்டார் என்றும், உடனிருந்தோர் சலித்துக்கொள்ள, இறைவனே செவிசாய்த்த குரலைத் தாம் புறக்கணிப்பது எங்ஙனம் என்று வினவினார் என்றும் மரபுரைகள் கூறும்.

இத்தகைய வேதத்தைப் போற்றும் சமூகத்திலே, தமிழகத்துப் பள்ளிவாசல் ஜமாஅத்துகள் பலவற்றில், ஒரு பெண்ணின் தலாக் என்னும் மணவிலக்கையும் மஹர் என்னும் மணக்கொடையையும் ஆண்களே கூடித் தீர்மானிக்க, வழக்குக்குரியவளோ சபையேறித் தன் நியாயத்தை எடுத்துரைக்க இயலாமல், முடிவு வரும்வரை வீட்டிலே காத்திருந்தாள். அந்நிலையை மாற்றும் நோக்கோடு, புதுக்கோட்டையில் 'ஸ்டெப்ஸ்' என்னும் மகளிர் அமைப்பை நடத்திவந்த தாவூத் ஷரீஃபா கானம் அவர்களின் முயற்சியால், 2004-ஆம் ஆண்டில் முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் தோன்றியது. கைவிடப்பட்டவரும் அடிபட்டவரும் தத்தம் வாயாலேயே வழக்குரைக்க, பெண்களே கூடி விசாரித்து நியாயம் தேடும் இச்சபையைப் பற்றி தீபா தன்ராஜ் 2011-இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். 12 மாவட்டங்களில் 12,000 உறுப்பினர் கொண்டதாக அச்சபை அப்போது வளர்ந்திருந்தது.

பெண்கள் தொழுவதற்கும் கூடி ஆலோசிப்பதற்கும் தனிப் பள்ளிவாசல் வேண்டுமென்று அச்சபையினர் கேட்டபோது எதிர்ப்பு கிளம்பியது. ஆயினும், அவர்கள் நாடும் நியாயம் மார்க்கத்துக்கு அந்நியமானதன்று. தம்பதியரிடையே பிளவு நேருமாயின் இரு குடும்பத்தாரிலிருந்தும் ஒவ்வொரு மத்தியஸ்தரை நியமிக்க வேண்டும் என்பதும், பொற்குவியலையே மனைவிக்குக் கொடுத்திருப்பினும் அவளை விலக்கும்போது அதிலிருந்து எதையும் திரும்பப் பெறலாகாது என்பதும் திருக்குர்ஆனின் 4-ஆம் அத்தியாயத்திலேயே உள்ள விதிகள்.

ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாதென்று 2017 ஆகஸ்ட் 22-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றப் படியேற வசதியற்ற ஏழைப் பெண்ணுக்கோ, ஊர்ச் சபையே இன்றும் முதல் நியாயஸ்தலம். ஆதலின் ஒவ்வொரு ஜமாஅத்தும் அவளை நேரே அழைத்து, அவள் சொல் முழுவதையும் கேட்ட பின்னரே முடிவுரைக்க வேண்டும். கவ்லாவின் முறையீட்டைத் தாங்கிய வேதத்தை ஓதுவோர்க்கு அதுவே கடமை.