வியர்க்கும் பொம்மைகள்

1959 மார்ச்சில் நியூயார்க் பொம்மைக் கண்காட்சிக்கு வந்த முதல் பார்பிகளில் பலவற்றின் முகம் இன்று தந்தம்போல வெளுத்துக் கிடக்கிறது. அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்தவற்றுக்கோ வேறு நோய்கள். காதோரம் பச்சை படர்ந்திருக்கும். காலைத் தொட்டால் விரலில் ஒட்டும். இதில் குழந்தைகளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வராத பொம்மைக்கும் இதே கதிதான். அது செய்யப்பட்ட பொருளுக்குள்ளேயே முதுமை இருக்கிறது.

இந்தப் பொம்மைகளில் உள்ள பிவிசி பிளாஸ்டிக் இயல்பில் விறைப்பானது. பிஞ்சுக் கைகளுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று தாலேட் வகை எண்ணெய்ப் பொருளை அதில் கலந்தார்கள். மிருதுவான பொம்மையின் எடையில் மூன்றிலொரு பங்குகூட அந்த எண்ணெயாக இருக்கலாம். அது பிளாஸ்டிக்கோடு வேதிமுறையில் பிணைந்து கிடப்பதில்லை. இடுக்குகளில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வருடங்கள் போகப்போக மேலே கசிந்து வருகிறது. பள்ளிப் பென்சில் பெட்டியில் ரப்பர் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டு, அந்த இடம் மட்டும் உருகினாற்போல் குழிந்திருக்குமே, அதுவும் இதே எண்ணெய் செய்த வேலைதான். பழைய பொம்மையைக் கடினமான பிளாஸ்டிக் தட்டின்மேல் படுக்கவைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

பிசுபிசுப்பைக் கண்டதும் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். ஸ்பிரிட் உள்ளே மிச்சமிருக்கும் எண்ணெயையும் சேர்த்து உறிஞ்சிவிடும்; பொம்மை சுருங்கி, விறைத்து, ஒருநாள் வெடிக்கும். மென்மையான சோப்பு கலந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். அதையும் அடிக்கடி செய்ய வேண்டியதில்லை.

அப்படியானால் எங்கே வைப்பது? டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் பிளாஸ்டிக் பாதுகாப்பை ஆராய்ந்த இவோன் ஷஷூவா கண்டது, காற்றோட்டம் நல்லது என்ற நம் பொதுப்புத்திக்கு நேரெதிரானது. பிவிசியை இறுக மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தால் எண்ணெய் வெளியேறுவது மெதுவாகிறது. பாலிதீன் பையோ அந்த எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. பொம்மையைப் பத்திரப்படுத்துவதாக நினைத்து எத்தனை வீடுகளில் பாலிதீன் பையில் சுற்றிப் பரணில் போட்டிருக்கிறோம்! பரணின் வெக்கை வேறு இந்தச் சிதைவை விரைவுபடுத்தும்.

ஆனால், மூடிய பாத்திரம் எல்லாப் பொம்மைக்கும் ஆகாது. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜப்பானிலிருந்து உலகெங்கும் போன செல்லுலாய்டு பொம்மைகளை அப்படி அடைத்தால், அவை வெளிவிடும் அமில ஆவி அவற்றையே அரிக்கும். அவற்றுக்குக் காற்றும் குளிர்ச்சியும் வேண்டும். சட்டென்று தீப்பற்றக்கூடியவை என்பதால் தனியிடமும் வேண்டும். எனவே, துடைக்கத் துணியை எடுக்கும் முன் பொம்மை எதனால் ஆனது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

வெள்ளைப் பொம்மைகள் மஞ்சளாவது வேறு கதை. 1978இலிருந்து கென்னர் நிறுவனம் விற்ற ஸ்டார் வார்ஸ் பொம்மைகளில், வெண்கவசம் அணிந்த ஸ்டார்ம்ட்ரூப்பர் வீரர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. ஒளியும் ஆக்சிஜனும் சேர்ந்து பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகளை மாற்றுகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் காட்டினால் பளிச்சென்று வெளுக்கும் என்பது உண்மை. மஞ்சள் திரும்ப வரக்கூடும் என்பதும், மேற்பரப்பு நொறுங்கும் தன்மை அடையலாம் என்பதும் அதே அளவு உண்மை. ஒரு வருடப் பளபளப்புக்காகப் பொம்மையின் ஆயுளைப் பணயம் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வயதான முகம் மஞ்சளாகவே இருக்கட்டும். வெயில் படாத அலமாரியில் வைத்தால், இனி மஞ்சளாவதாவது தாமதப்படும்.

பார்பியின் பச்சைக் காதுக்குக் காரணம் தோடு. அதன் தண்டிலுள்ள செம்பு அரித்து, அந்தப் பச்சை பிவிசிக்குள் ஊறிப் பரவுகிறது. முகப்பரு களிம்பைப் பூசி அதை வெளுக்கச் செய்பவர்கள் உண்டு. பச்சையோடு தோலின் நிறமும் போய், திட்டு விழும் அபாயம் இருக்கிறது. காது இன்னும் பச்சையாகாத பழைய பார்பி உங்களிடம் இருந்தால், தோட்டை இன்றே கழற்றி ஒரு காகித உறையில் தனியாக வையுங்கள்.