தலைநகரின் வாசலில் தறிகெட்ட சாலைகள்

புதுதில்லி: நாடாளுமன்றக் கூட்டத் தொடரின்போது வெள்ளிக்கிழமை பிற்பகல் தனிநபர் மசோதாக்களுக்கு உரிய நேரம். அவையில் கூட்டம் மெலிந்திருக்கும். தமிழக உறுப்பினர்களில் பலர் விமான நிலையத்துக்கு விரைந்திருப்பார்கள். ஹரியாணா, மேற்கு உத்தரப் பிரதேசம், ராஜஸ்தானின் கிழக்கு மாவட்டங்களைச் சேர்ந்த உறுப்பினர்கள் காரிலேறித் தொகுதிக்குப் புறப்படுவார்கள். இவ்விரு சாராரில் ஆபத்தான பயணத்தை மேற்கொள்பவர்கள் காரில் போகிறவர்கள்தாம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. கடந்த கால இரங்கல் குறிப்புகளைப் புரட்டினாலே போதும்.

முன்னாள் குடியரசுத் தலைவர் கியானி ஜெயில் சிங் 1994 நவம்பர் 29-ல் பஞ்சாபின் கீரத்பூர் சாஹிப் அருகே சென்றபோது, தவறான திசையில் வந்த லாரி அவரது கார் மீது மோதியது. அடுத்த மாதம் 25-ம் தேதி சண்டீகரில் அவர் காலமானார். ராஜேஷ் பைலட் 2000 ஜூன் 11-ல் ஜெய்ப்பூர் அருகே சாலை விபத்தில் இறந்தார். ராஜீவ் காந்தி அமைச்சரவையில் தரைவழிப் போக்குவரத்துத் துறையின் இணையமைச்சராக இருந்தவர் அவர். தில்லியின் முன்னாள் முதல்வர் சாஹிப் சிங் வர்மா 2007 ஜூன் 30-ல் ஜெய்ப்பூர் - தில்லி நெடுஞ்சாலையில் பலியானார். மத்திய அமைச்சராகப் பதவியேற்ற சுமார் ஒரு வார காலத்தில், 2014 ஜூன் 3-ல், கோபிநாத் முண்டே இறந்தது தில்லி நகரத்துக்குள்ளேயே. விமான நிலையம் செல்லும் வழியில். எல்லோருக்கும் அவை எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தியது. பெயர் தெரியாத ஆயிரமாயிரம் பேருக்கு அந்த மௌனமும் இல்லை.

2024 டிசம்பர் 12-ல் மக்களவையில் கேள்வி நேரத்தின்போது, சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி ஒரு விஷயத்தை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். சாலை விபத்துகள் குறித்த சர்வதேச மாநாடுகளுக்குச் செல்லும்போது முகத்தை மறைத்துக்கொள்ள நேர்கிறது என்றார். பொறுப்பேற்றபோது விபத்துகளைப் பாதியாகக் குறைப்பதாக இலக்கு வைத்ததையும், குறைவதற்குப் பதிலாக அவை கூடிவிட்டதையும் அவரே சொன்னார். அமைச்சர்கள் அவையில் இப்படிப் பேசுவது அரிது. ஆனால் முகத்தை மறைக்க வேண்டிய காரியம் வெளிநாட்டு மாநாட்டு அரங்கில் நடப்பதல்ல. அவருடைய அமைச்சகத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் அன்றாடம் நடப்பது.

சாலைக்குக் குறைவில்லை

தலைநகரைச் சுற்றிச் சாலைகள் இல்லை என்று இன்று எவரும் சொல்ல முடியாது. 2008-ல் குர்காவ்ன் விரைவுச்சாலை திறக்கப்பட்டது. 2012-ல் கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை 165 கிலோ மீட்டருக்கு யமுனை விரைவுச்சாலை வந்தது. 2018-ல் நகரைச் சுற்றிச் செல்லும் கிழக்கு, மேற்குப் புறவழி விரைவுச்சாலைகளும், 2021-ல் மீரட் விரைவுச்சாலையும், 2023 பிப்ரவரியில் தில்லி - மும்பை விரைவுச்சாலையின் சோனா - தௌசா பகுதியும் திறக்கப்பட்டன. இவற்றின் பிறப்புக் கதைகளே தனி அத்தியாயம். மேற்குப் புறவழிச்சாலை 2009-ல் முடிந்திருக்க வேண்டியது. முழுமையாகத் திறக்கப்பட்டது 2018 நவம்பரில். கிழக்குப் புறவழிச்சாலையோ கட்டி முடிக்கப்பட்டுத் திறப்பு விழாவுக்காகக் காத்திருந்தது. பிரதமருக்காகக் காத்திருக்க வேண்டாம், மே மாத இறுதிக்குள் திறந்துவிடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு மே 27-ல் பிரதமரே திறந்து வைத்தார்.

தில்லி முகர்பா சௌக்கிலிருந்து பானிபட் வரையிலான சுமார் 70 கிலோ மீட்டர் இன்னொரு கதை. காஷ்மீரத்திலிருந்து வந்து, சேலம், மதுரை, நெல்லை வழியாகக் கன்னியாகுமரியில் முடியும் அதே 44-ம் எண் நெடுஞ்சாலைதான் இது. இதை எட்டு வழியாக்க 2015 நவம்பரில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். பணி இழுத்தது, ஒப்பந்ததாரர் மாறினார். ஆண்டுக்கணக்கில் அந்த வழியே சென்றவர்களுக்கு நினைவிருப்பது எட்டு வழிகள் அல்ல, மாற்றுப் பாதைகள்தாம். இரவில் விளக்கில்லாமல், மண் மூட்டைகளை அடுக்கி வைத்து, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைச் சொல்ல ஒரு பலகைகூட இல்லாத மாற்றுப் பாதைகள். அதற்கிடையே 2020 நவம்பர் முதல் 2021 டிசம்பர் வரை விவசாயிகள் போராட்டத்தால் சிங்கு எல்லையில் சாலையே நின்றுபோனது.

கட்டிய சாலையைப் பேணுவது அடுத்த சிக்கல். 2024 செப்டம்பரில் தில்லி - மும்பை விரைவுச்சாலையின் தௌசா பகுதியில் பள்ளம் விழுந்தபோது, எலி வளை தோண்டியதால் ஏற்பட்டது என்று ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் விளக்கம் கூறினார். நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. எலிகள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டதா என்று தெரியவில்லை. தவறான வடிவமைப்பாலும் பராமரிப்புக் குறைவாலும் உயிர்ச்சேதம் நேர்ந்தால் ஒப்பந்ததாரரையும் பொறியாளரையும் தண்டிக்க 2019-ம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதிகபட்ச அபராதம் ஒரு லட்சம் ரூபாய். பல நூறு கோடி ரூபாய் ஒப்பந்தத்தில் இது தேநீர்ச் செலவு.

சுங்கக் கட்டணத்தில் மட்டும் தளர்வு இல்லை. கட்டணம் செலுத்துபவருக்குத் தரமான சாலையைக் கேட்கும் உரிமை உண்டா என்ற கேள்விக்கு ஓரளவு பதில் கிடைத்தது தில்லியில் அல்ல, கேரளத்தில். சேலத்திலிருந்து செல்லும் 544-ம் எண் நெடுஞ்சாலையில் திருச்சூர் அருகேயுள்ள பாலியேக்கரை சுங்கச்சாவடியில், சாலை சீர்கெட்டிருந்ததைக் காரணம் காட்டி 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தி வைத்தது. நெடுஞ்சாலை ஆணையத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. சில வாரங்களுக்குப் பின் வசூலுக்கு மீண்டும் அனுமதி கிடைத்துவிட்டாலும், அந்தத் தீர்ப்பைத் தில்லியைச் சுற்றியுள்ள மாநிலங்களில் எவரும் கையிலெடுக்கவில்லை என்பது வியப்பு. விதிகளின்படி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சுங்கக் கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு. அவர்கள் கோபப்படாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எதிர்த்திசையில் வருபவர்கள்

2023 ஜூலை 11 அதிகாலை. தில்லி காஜிப்பூரில் எரிவாயு நிரப்பிக்கொண்ட ஒரு பள்ளிப் பேருந்து, மீரட் விரைவுச்சாலையில் எதிர்த்திசையிலேயே பல கிலோ மீட்டர் ஓடியது. காஜியாபாத் அருகே எதிரே வந்த கார் மீது மோதியதில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆறு பேர் உயிரிழந்தனர். விரைவுச்சாலை என்பதால் அங்கே கேமராக்கள் இருந்தன. பேருந்து வந்ததை அவை பதிவும் செய்தன. நிறுத்துவதற்குத்தான் ஆள் இல்லை. அடுத்த மாதம் ஹரியாணாவின் நூஹ் மாவட்டத்தில், தில்லி - மும்பை விரைவுச்சாலையில் தவறான பக்கம் வந்த எண்ணெய் டேங்கர் லாரியும் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் காரும் மோதிக்கொண்டன. இறந்தவர்கள் டேங்கரில் இருந்த இருவர். அந்தக் காரின் விலையைப் பற்றி நாளேடுகள் எழுதிய அளவுக்கு அவ்விருவரைப் பற்றி எழுதவில்லை.

தவறான திசையில் வருபவர்கள் எல்லோரும் முரடர்கள் அல்லர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நிலத்தை இரண்டாகப் பிளந்து சாலை போகிறது. வீடு ஒருபுறம், வயல் மறுபுறம். சாலை நடுத்தடுப்பின் இடைவெளிகள் அடைக்கப்பட்டுவிட்டன. சர்வீஸ் சாலை பாதியில் நிற்கிறது. திரும்புவதற்கு நாலைந்து கிலோ மீட்டர் போக வேண்டும். டீசல் விற்கும் விலையில் டிராக்டர்காரர் அவ்வளவு தூரம் போவதில்லை. ஓரமாகத்தானே போகிறோம் என்று எதிர்த்திசையில் வந்துவிடுகிறார். அவரைப் பார்த்து மோட்டார் சைக்கிள்காரர், அவரைப் பார்த்து வேன்காரர். முர்தல் தாபாக்களில் பராட்டா சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் தில்லிவாசிகளுக்கோ அந்தச் சாக்குகூட இல்லை.

பனிக்காலத்தில் இது உச்சத்தை எட்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஜனவரி மாதத்தில் ஒரு காலைப்பொழுது, சோனிபட்டைக் கடந்து சென்றுகொண்டிருந்தோம். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஓட்டுநர் திடீரென்று வண்டியை இடப்பக்கம் ஒடித்தார். வலப்புறம், சாலையின் வேக வழியிலேயே, கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று எங்களை நோக்கி வந்து கடந்தது. பாரம் இருபுறமும் பிதுங்கி நின்றது. முன்விளக்கு ஒன்றுதான் எரிந்தது. அதை மோட்டார் சைக்கிள் என்றே நினைத்ததாக ஓட்டுநர் பிறகு சொன்னார். அதற்குப் பின் நெடுநேரம் யாரும் பேசவில்லை.

அதே வழியில் ஒரு தாபாவில் நாமக்கல் லாரி ஓட்டுநர் ஒருவரைச் சந்தித்தேன். "நம்ம ஊரா சார்?" என்று அவரே வந்து பேசினார். முட்டைத் தீவனம் முதல் இயந்திரங்கள் வரை ஏற்றி இருபது ஆண்டுகளுக்கு மேலாக வடக்கே வருபவர். முன்பெல்லாம் இரண்டு ஓட்டுநர்களும் ஒரு கிளீனரும் வருவார்களாம். இப்போது ஆள் கிடைக்காததால் பல நடைகள் தனியாகவே. சாலை மோசமாக இருந்த காலத்தில் தூக்கம் வராது, குழியே எழுப்பிவிடும்; இப்போது வழவழப்பான சாலையில்தான் கண் சொக்குகிறது என்றார். 2019 ஜூலை 8-ல் யமுனை விரைவுச்சாலையிலிருந்து ஆக்ரா அருகே கால்வாயில் பேருந்து பாய்ந்து 29 பேர் இறந்தது நினைவுக்கு வந்தது. ஓட்டுநர் கண்ணயர்ந்ததாகவே அப்போதும் சொல்லப்பட்டது. வடக்கே லாரிகளின் பின்புறம் இரவில் டிப் அடிக்கும்படி கேட்டு எழுதியிருப்பார்கள். அப்படி எழுதிய லாரியே எதிரே வரும்போது விளக்கைத் தாழ்த்துவதில்லை என்பது நாமக்கல்காரரின் மனக்குறை.

வடக்கைக் குறை சொல்லித் தெற்கு நிமிர்ந்துகொள்ள இடமில்லை. 2022-ல் நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடுதான்: 64,105. உத்தரப் பிரதேசத்தில் நடந்தவை 41,746. ஆனால் உயிரிழந்தவர்கள் தமிழ்நாட்டில் 17,884 பேர். உத்தரப் பிரதேசத்தில் 22,595 பேர். அதாவது இங்கே நூறு விபத்துகளுக்கு 28 பேர் இறந்தால், அங்கே 54 பேர். சிறு விபத்துகள் அங்கே காவல் நிலையப் பதிவேட்டை எட்டுவதில்லை என்பது இதற்கு ஒரு விளக்கம். ஆம்புலன்ஸும் அரசு மருத்துவமனையும் உரிய நேரத்தில் எட்டுவதில்லை என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மையாக இருக்கக்கூடும். அதே ஆண்டில் நாடு முழுவதும் இறந்தவர்கள் 1,68,491 பேர். அடுத்த ஆண்டு அது 1,72,890 ஆக உயர்ந்தது.

யார் பொறுப்பு?

தேசிய நெடுஞ்சாலை அரசமைப்புச் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. காவல் துறை மாநிலப் பட்டியலில். காஜிப்பூரில் தவறான திசையில் நுழையும் பேருந்து சில நிமிடங்களில் எல்லை தாண்டிவிடுகிறது. தில்லி காவல் துறை மத்திய உள்துறையின் கீழ், காஜியாபாத் காவல் துறை லக்னௌவின் கீழ், சாலையோ நெடுஞ்சாலை ஆணையத்தின் கீழ். அவையில் கேள்வி எழும்போதெல்லாம், விதிகளை நடைமுறைப்படுத்துவது மாநிலங்களின் பொறுப்பு என்பதே அமைச்சகத்தின் வாடிக்கையான பதில். மாநிலங்களோ அபராதத்தை உயர்த்தவே தயங்குகின்றன. 2019 செப்டம்பரில் புதிய அபராதங்கள் அமலுக்கு வந்தபோது, மத்தியில் ஆளும் கட்சியே ஆண்ட குஜராத் முதலில் குறைத்தது. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் போராடியதும், விபத்தை ஏற்படுத்திவிட்டுத் தப்பியோடுபவருக்குப் பத்தாண்டு வரை சிறை விதிக்கும் பாரதிய நியாய சம்ஹிதைப் பிரிவைத் தள்ளி வைத்தார்கள். அந்தச் சட்டம் அந்த ஆண்டு ஜூலை 1-ல் அந்தப் பிரிவு இல்லாமலே அமலுக்கு வந்தது. ஓட்டுநர்களின் அச்சத்திலும் நியாயம் இருந்தது: நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்றார்கள்.

நீதிமன்றம் தலையிட்டபோதும் இதே கதைதான். தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கில், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சண்டீகர் நிர்வாகம் நகரச் சாலைகளின் வகையையே மாற்றி அறிவித்துத் தப்பித்தது. 2017 ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இது பொருந்தாது என்று நீதிமன்றமே விளக்கம் தந்தது.

விதிவிலக்காகச் சொல்லத்தக்கது பஞ்சாப். 2024 ஜனவரியில் அம்மாநிலம் சாலைப் பாதுகாப்புக்கென்றே தனிப் படை அமைத்து, 144 வாகனங்களை நெடுஞ்சாலைகளில் நிறுத்தியது. ஹரியாணா எல்லையைத் தாண்டி வடக்கே செல்பவர்கள் அந்த ரோந்து வாகனங்களைப் பார்க்கலாம். உத்தரப் பிரதேசத்தில் 2025 செப்டம்பரில் வாகனங்களில் சாதிப் பெயர் ஒட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. அலாகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து வந்த அந்த உத்தரவு நல்லதே. சாலையில் வழிவிடச் சொல்லும் அதிகாரத்தை இங்கே ஹாரனைவிட ஸ்டிக்கர்தான் நெடுங்காலமாகச் செலுத்திவந்திருக்கிறது.

ஒரு கூட்டத் தொடரின்போது மேற்கு உத்தரப் பிரதேச உறுப்பினர் ஒருவர் தம் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டார். சாலைப் பாதுகாப்பு குறித்த துணைக் கேள்விக்காகக் குறிப்பு எடுத்து வைத்திருந்தார். வழியெல்லாம் அதையே வாசித்துக்கொண்டு வந்தார். பின்னிருக்கை பெல்ட்டின் கொக்கி இருக்கைக்கு அடியில் எங்கோ சிக்கிக் கிடந்தது. ஹாபுருக்குச் சற்று முன்னால் ஓட்டுநர் பெட்ரோல் பங்கில் நிறுத்தினார். டீசல் நிரப்பி முடித்ததும், அடுத்த திருப்பம் வெகு தொலைவு என்று சொல்லிக்கொண்டே, வந்த வழியில் எதிர்த்திசையிலேயே வண்டியை விட்டார். எதிரே வந்த லாரி ஹாரன் அடித்து விலகியது. உறுப்பினர் தாளிலிருந்து தலை நிமிர்ந்து, ஏன் இப்படி ஹாரன் அடிக்கிறான் என்று கேட்டார்.